கம்பீர பூபதியின் மூங்கில் கோபுரம்

முன்னொரு காலத்தில், ஊரிலேயே உயரமான இடத்தில் குடியிருக்கும் உரிமை கிளிகளுக்கு மட்டும் இருந்தபோது, திருவாயிலூர் என்று ஒரு க்ஷேத்திரம் இருந்தது. நடுவே கோயில். கோயிலைச் சுற்றித் தேரோடும் நான்கு வீதிகள். கிழக்கு வாசலுக்கு எதிரே திருக்குளம், குளத்தின் நடுவே நீராழி மண்டபம். எல்லாவற்றுக்கும் மேலே, மேகத்தைத் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டதுபோல் கிழக்குக் கோபுரம்.

மலைப்பக்கத்திலிருந்து வருகிறவனோ கடற்கரையிலிருந்து வருகிறவனோ, யாராக இருந்தாலும் அந்தக் கோபுரத்தின் கலசம் தூரத்தில் மினுக்கியதும் நடையை நிறுத்திவிடுவான். இரண்டு கைகளும் தாமாகத் தலைக்கு மேலே போகும். கால்வலி, வழிச்சண்டை, சுமந்து வந்த துக்கம் எல்லாவற்றையும் அந்த ஒரு கணம் மறந்துவிடுவான். அந்தக் கோபுரத்தை மறைத்துவிடக் கூடாது என்று ஊரில் யாரும் மாடி கட்டுவதில்லை. பணக்காரர்கள் வீட்டை நீளமாகக் கட்டிக்கொண்டார்களே தவிர உயரமாகக் கட்டவில்லை.

அந்த நாட்டை ஆண்டவர் கம்பீர பூபதி. நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் தலைக்குள் ஒரு எண்ணம் புகுந்துவிட்டால் அது தானாக வெளியே வராது, யாராவது உள்ளே கைவிட்டு எடுக்க வேண்டும். அந்த வேலைக்கென்றே அரண்மனையில் ஒருவன் இருந்தான். விகடகவி பிச்சாண்டி என்று பெயர். அரசரைச் சிரிக்க வைப்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். அவன் பாடுபட்டதெல்லாம் அந்த இன்னொரு வேலையில்தான்.

பிச்சாண்டியைக் கண்டால் முதல் மந்திரியான பிரதானி தீர்த்தகிரிக்கு ஆகாது. பிரதானி மூன்று நாழிகை பேசி அரசரைச் சம்மதிக்க வைத்த காரியத்தை, பிச்சாண்டி ஒரு தும்மல் தும்மிக் கெடுத்துவிடுவான். யாருக்குத்தான் பொறுக்கும்?

அந்த வருஷத்துத் திருவிழாவுக்கு அரசர் யானைமேல் திருவாயிலூருக்குள் நுழைந்து, கோபுரத்தைத் தாண்டி அரண்மனைச் சாலையில் வந்தார். சாலையின் இருபுறமும் யாத்திரிகர் கூட்டம். யானை வர வர, ஜனங்கள் தலைக்குமேல் கையெடுத்துக் கும்பிட்டார்கள். சிலர் கண்ணீர் விட்டார்கள். ஒரு கிழவர் புழுதியில் விழுந்தே கும்பிட்டார். அரசர் உருகிப்போனார். இடது கையை மார்பில் வைத்து, வலது கையை உயர்த்தி, எல்லோரையும் ஆசீர்வதித்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான் ஆசீர்வதித்து வந்தார்.

பின்னால் குதிரையில் வந்த பிரதானி கிட்டே வந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பிரபு, சொல்லவும் மனம் வரவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை."

"என்ன தீர்த்தகிரி?"

"அவர்கள் தங்களைக் கும்பிடவில்லை. தங்கள் தலைக்குப் பின்னால் தெரிகிற கோபுரத்தைக் கும்பிடுகிறார்கள்."

அரசர் திரும்பிப் பார்த்தார். கோபுரம் நின்றது. உயர்த்திய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், யானையின் காதுப் பக்கம் ஓர் ஈயை விரட்டுவதுபோல் இரண்டு முறை வீசிவிட்டுக் கீழே இறக்கினார். கூட்டத்தோடு நடந்து வந்த பிச்சாண்டிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அரசரின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. எண்ணம் உள்ளே புகுந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை திருவாயிலூர் அரண்மனையில் சபை கூடியது.

"இந்த ஊரில் எமக்கும் ஒரு கோபுரம் வேண்டும்," என்றார் அரசர். "கோயில் கோபுரத்தைவிட ஒரு முழமாவது உயரம். எங்கிருந்து வருகிறவனும் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்."

சபையில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். ஒரு முதியவர் மட்டும், "இங்கே கோபுரத்துக்கு மேலே யாரும் கட்டுவதில்லை என்பது வழக்கம் மகாராஜா..." என்று இழுத்தார்.

"அந்த வழக்கம் குடிகளுக்கு," என்றார் பிரதானி. "குடிகளுக்குப் போட்ட வேலி கோமகனைக் கட்டுமா? இடமும் பார்த்துவிட்டேன் பிரபு. வடக்கு வீதிச் சத்திரம். அஸ்திவாரம் அசையாது. மேலே இருக்கிற பழைய மண்டபத்தை மட்டும் பிரித்து எடுத்துவிட்டால் போதும்."

பிச்சாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தான். திருவிழாவுக்கு வந்தால் அவன் அரண்மனையில் தங்குவதில்லை. அந்த வடக்கு வீதிச் சத்திரத்தில்தான் தங்குவான். அங்கே தூண் ஒவ்வொன்றும் ஒரு வேலைப்பாடு. ஒரு தூணில் யாளி நிற்கும். அதன் வாய்க்குள் கல் உருண்டை ஒன்று உருளும், ஆனால் வெளியே எடுக்க முடியாது. இன்னொரு தூணின் தலையிலிருந்து கல்லாலான சங்கிலி தொங்கும், ஒட்டுப் போடாமல் ஒரே பாறையில் குடைந்தது. அந்தச் சங்கிலியில் யாத்திரிகர்கள் ஈரத்துணி காயப்போடுவார்கள். யாளியின் துதிக்கையில் சோற்று மூட்டை தொங்கும். எந்தச் சாதி, எந்தத் தேசம் என்று கேட்காமல் வந்தவர்கள் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும் இடம்.

"மகாராஜா, சத்திரத்தைப் பிரித்தால் கோபுரத்தைப் பார்த்து வருகிறவர்கள் எங்கே படுப்பார்கள்?" என்று கேட்டான்.

"உமக்குப் படுக்கை போய்விடும் என்ற கவலையா?" என்று பிரதானி சிரித்தார். உடனே அவர் கண் சுருங்கியது. ஒரு கல்லில் இரண்டு மாங்காய் விழுவது அவருக்குத் தெரிந்தது. "பிரபு, கோபுரத்தைக் கட்டிவிடலாம். ஜனங்கள் மரியாதை செய்ய வேண்டுமே. அந்தப் பொறுப்பைப் பிச்சாண்டியிடம் ஒப்படையுங்கள். ஊரும் ஜனமும் அவருக்குத்தான் பழக்கம்."

அரசருக்கு அது பிடித்துப்போயிற்று. "கேள் பிச்சாண்டி. கோயிலில் சாமிக்கு என்னென்ன மரியாதை நடக்கிறதோ, அத்தனையும் எமது கோபுரத்தில் எமக்கு நடக்க வேண்டும். அதில் ஒன்றுகூடக் குறையக் கூடாது. குறைந்தால் நீ இந்த நாட்டில் இருக்கக் கூடாது."

"ஒன்று கூடவும் கூடாது பிரபு," என்று பிரதானி அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "இவர் குறும்புக்காரர். மரியாதை என்று சொல்லிக்கொண்டு தம் கைச்சரக்கையும் நடுவே சேர்த்துவிடுவார். கோயிலில் இல்லாத ஒன்று அங்கே நடந்தாலும் அதே தண்டனை என்று சொல்லிவிடுங்கள்."

"அப்படியே," என்றார் அரசர். "ஒன்று குறையவும் கூடாது, ஒன்று கூடவும் கூடாது."

பிச்சாண்டி குனிந்து வணங்கினான். நேரே சத்திரத்துக்கு நடந்தான்.

சத்திரத்து முற்றத்தில் உலகநாச்சி அரிசி களைந்துகொண்டிருந்தாள். வருகிறவர்களுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றுகிறவள் அவள்தான். சில வருஷங்களுக்கு முன்னால் தெற்குச் சீமையிலிருந்து புருஷனோடு திருவிழாவுக்கு வந்தாள். அவன் விடியலில் ஆற்றுக்குக் குளிக்கப் போனான். வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அவள் ஊருக்குத் திரும்பவில்லை.

"வாங்கண்ணே," என்றாள். "என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு? சபையில யாரும் சிரிக்கலியா?"

"எல்லாரும் சிரிச்சாங்க. நான்தான் சிரிக்கல."

"அந்தத் தூணுக்கெல்லாம் சுண்ணாம்புல குறி போட்டுட்டுப் போனாங்களே, வெள்ளையடிக்கப் போறாங்களா?"

பிச்சாண்டி சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான். அவள் அழுவாள் என்று நினைத்தான். அவள் அரிசியில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மறுபடி களைய ஆரம்பித்தாள்.

"அப்ப அதான் சங்கதி," என்றாள். "குறி போட்டவங்க ராஜா ஆளுங்க இல்லண்ணே. பிரதானியோட தோட்டத்து வீட்டு ஆளுங்க. அங்க புதுசா வீடு எழும்புதாம். யாளித் தூணு வாசலுக்கு, சங்கிலித் தூணு ஊஞ்சல் கூடத்துக்குன்னு என் முன்னாலயே பேசிக்கிட்டாங்க. கஞ்சி ஊத்துறவளுக்குக் காது இருக்கும்னு அவங்களுக்குத் தோணல."

பிச்சாண்டி துள்ளி எழுந்தான். "இதை ராஜாகிட்ட சொல்லு நாச்சி!"

"நீங்களே சொல்லுங்க."

"நான் சொன்னா விகடம்னு சிரிப்பார். பிரதானிக்கும் எனக்கும் பகைன்னு ஊருக்கே தெரியும். நீ சொன்னா நம்புவார்."

"நான் சொல்றதை எங்க கேக்கப் போறாரு? நான் 'மகாராசா'ன்னு ஆரம்பிக்குறதுக்குள்ள அவரு பத்து வார்த்தை பேசி முடிச்சிருவாரு. நான் என்ன, நம்மூரு சாமிகிட்டப் பேசுற மாதிரியா பேச முடியும்? சாமின்னா நாம பேசி முடிக்கிற வரைக்கும் சும்மா இருக்கும்."

பிச்சாண்டி அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சங்கிலித் தூணை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தான். அரிசியைப் போட்டுவிட்டு உலகநாச்சி பயந்து எழுந்துவிட்டாள்.

அன்று மாலையே அரசரிடம் போனான்.

"மகாராஜா, கல்கோபுரம் எழும்ப வருஷக்கணக்காகும். அதுவரை மரியாதைக்காகக் காத்திருப்பதா? கோயிலிலே திருப்பணி என்றால், ஒரு கல்லைத் தொடுவதற்கு முன்னால் சாமியைத் தற்காலிகமாக ஒரு சின்ன இடத்தில் எழுந்தருளச் செய்வார்கள். பாலாலயம் என்பார்கள். அதிலே பூசையெல்லாம் ஒழுங்காக நடக்கும். அதற்குப் பிறகுதான் கல்லைப் பிரிப்பது. தங்கள் உத்தரவுப்படி அதுவும் குறையக் கூடாதல்லவா? சத்திரத்தின் முன்னால் மூங்கிலால் ஒரு கோபுரம் கட்டித் தருகிறேன். ஒரு நாள் எழுந்தருளிப் பாருங்கள். மறுநாளே சத்திரத்தில் கடப்பாரை விழட்டும்."

உடனே கிடைக்கும் என்றதும் அரசருக்கு வாயெல்லாம் பல். பிரதானி யோசித்துப் பார்த்தார். ஒரு நாள்தானே, இந்த ஒரு நாளில் எதையாவது கூட்டியோ குறைத்தோ பிச்சாண்டி மாட்டிக்கொள்வான் என்று தலையாட்டினார்.

கும்பாபிஷேகத்துக்குச் சாரம் கட்டும் ஆட்கள் திரண்டார்கள். மூங்கிலும் பனங்கயிறும் வண்டி வண்டியாக வந்தன. பார்க்கப் பார்க்க அது உயர்ந்தது. கோயில் கலசத்துக்கு மேலே ஒரு முழம் போய் நின்றது. மேலே ஒரு பித்தளைக் குடத்தைக் கவிழ்த்து வைத்தார்கள். கோயில் கிளிகள் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, திருப்தியில்லாமல் திரும்பிப் போயின. தலைமைக் குருக்கள் மட்டும் பிச்சாண்டியைத் தனியே அழைத்து, "மந்திரத்துக்கு என்னைக் கூப்பிடாதேடாப்பா, அது சாமிக்கு மட்டும்தான். மத்ததெல்லாம் உன் பாடு," என்று சொல்லிவிட்டுப் போனார். போகிறபோது அவர் தோள் சிரிப்பில் குலுங்கிக்கொண்டே போயிற்று.

குறித்த நாள் வந்தது. விடிந்தும் விடியாத நேரத்தில், அரசரின் தலைமாட்டில் நாதசுரமும் தவிலும் சங்கும் ஒன்றாக முழங்கின. அரசர் கட்டிலிலிருந்து உருண்டு கீழே வந்தார்.

"யாரடா அது! நாட்டின்மேல் படையெடுப்பா?"

"திருப்பள்ளியெழுச்சி மகாராஜா," என்றான் பிச்சாண்டி, அர்ச்சகர் போல வாயில் துணி கட்டிக்கொண்டு. "கோயிலில் தினமும் இந்நேரத்துக்குத்தான்."

பல்லக்கில் ஏற்றி மூங்கில் கோபுரத்தடிக்குக் கொண்டுவந்தார்கள். அரசர் அண்ணாந்து பார்த்தார். மனசு குளிர்ந்தது. "ஏணி எங்கே?"

"எதற்கு மகாராஜா?"

"மேலே ஏறத்தான். அங்கிருந்து எம் ஜனங்களைப் பார்க்க வேண்டாமா?"

"கோபுரத்தின் மேலே சாமி எங்கே இருக்கிறார்? அங்கே கிளியும் குரங்கும்தான். சாமி இருப்பது உள்ளே," என்று அழைத்துக்கொண்டு போனான். சத்திரத்தின் உட்புறம் பழைய நெல்லறை ஒன்று இருந்தது. குனிந்துதான் நுழைய வேண்டும். ஜன்னல் கிடையாது. ஒரு எண்ணெய் விளக்கு மட்டும் புகைந்துகொண்டிருந்தது.

"இந்தப் பொந்திலா?"

"கருவறை இப்படித்தானே மகாராஜா இருக்கும். ஒரு ஜன்னல் வைத்தேனென்றால் ஒன்று கூடிவிடும். நான் மூட்டை கட்ட வேண்டியதுதான்."

வாசலில் நின்ற பிரதானியை அரசர் பார்த்தார். பிரதானி, "ஆம் பிரபு, ஒன்று கூடவும் கூடாது," என்று சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார்.

அப்புறம் அபிஷேகம் ஆரம்பித்தது. முதலில் நல்லெண்ணெய். பிறகு மாவுப்பொடி. பிறகு பால், தயிர், தேன், கருப்பஞ்சாறு, இளநீர். நடுநடுவே குளிர்ந்த கிணற்றுநீர் குடம் குடமாக. தேன் ஊற்றியபோது அரசர், "போதும், எறும்பு வருகிறது!" என்று கத்தினார்.

"எறும்பு கோயிலிலும் வரும் மகாராஜா. அதுவும் குறையக் கூடாது."

சந்தனத்தை அரைத்து அப்பினார்கள். மூக்கும் கண்ணும்தான் தெரிந்தன. மாலைமேல் மாலையாகப் போட்டு அந்த மூக்கையும் பாதி மூடினார்கள். அப்போதுதான் மடைப்பள்ளியிலிருந்து வாசனை வந்தது. நெய் ஒழுகும் சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, மிளகு வடை. விடியலிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத அரசருக்கு உயிர் வந்தது. பாத்திரங்களை எதிரே வரிசையாக வைத்தார்கள். திரை போட்டார்கள். மணியடித்தார்கள். அரசர் மாலைகளுக்குள்ளிருந்து கையை வெளியே எடுப்பதற்குள், திரையை விலக்கிப் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

"டேய்! எங்கே கொண்டுபோகிறீர்கள்?"

"நைவேத்தியம் ஆயிற்று மகாராஜா. இனி அது பிரசாதம். ஜனங்களுக்குக் கொடுத்தாக வேண்டும்."

"நான் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லையே!"

"சாமியும் சாப்பிடுவதில்லையே," என்றான் பிச்சாண்டி பயந்த குரலில். "காட்டுவதுதான் வழக்கம். தாங்கள் ஒரு வடையைக் கடித்துவிட்டாலும் ஒன்று கூடிவிடும். என் பெண்டாட்டி பிள்ளைகளோடு நான் எந்தத் தேசம் போவேன்?"

வெளியே ஜனங்கள் வடையைக் கடிக்கும் சத்தம் அரசருக்குத் துல்லியமாகக் கேட்டது. நல்ல மொறுமொறுப்பான வடை.

தரிசனம் திறந்தது. வரிசை வீதிமுனை வரைக்கும் நின்றது. பாதிப் பேருக்கு உள்ளே இருப்பது அரசர் என்று தெரியும், பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் இருட்டில் ஒரு விளக்கும், சந்தனமும் பூவும் மூடிய ஓர் உருவமும் எதிரே இருந்து, கண்ணை மூடிக் கைகூப்பிவிட்டால், அப்புறம் யார் என்ன என்றெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. மனசில் கிடப்பது வாய்க்கு வந்துவிடும்.

ஒருத்தி தன் மாமியார் வாயைக் கட்டச் சொன்னாள். அடுத்து வந்த கிழவி தன் மருமகள் வாயைக் கட்டச் சொன்னாள். இருவரும் ஒரே வீட்டிலிருந்து வந்தவர்கள் என்று அரசருக்குச் சந்தேகம். ஒரு சிப்பாய் வந்து, "சாமி, போன வருஷம் சண்டை, அதுக்கு முந்தின வருஷம் சண்டை. பொறந்த பிள்ளைய இன்னும் தூக்கிப் பாக்கல. இந்த வருஷமாச்சும் எங்க ராசாவுக்குக் கொஞ்சம் புத்தியக் குடு," என்று வேண்டிக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனான்.

மாலைகள் கோபத்தில் குலுங்கின. பிச்சாண்டி காதருகே குனிந்தான். "சாமி கோபப்படுவதில்லை மகாராஜா. பேசுவதும் இல்லை. ஒன்று கூடிவிடும்."

அரசர் பல்லைக் கடித்துக்கொண்டார். ஆனால் நேரம் ஆக ஆகப் பல்லைக் கடிப்பது நின்றது. ஒரு குயவன் வந்தான், பேச்சே இல்லாமல் கொஞ்ச நேரம் அழுதுவிட்டுப் போனான். என்னவென்று கேட்கவும் முடியவில்லை. அது அரசரைப் பசியைவிட அதிகமாகப் படுத்தியது.

அப்புறம் உலகநாச்சி வந்தாள். அவள் கண்ணை மூடவில்லை.

"நீங்க ராசான்னு எனக்குத் தெரியும்," என்றாள். "மத்த நாள்ல நான் உங்க முன்னால நிக்க முடியாது, நின்னாலும் பேச முடியாது. இன்னிக்கு நீங்க பதில் பேசமாட்டீங்கன்னு பிச்சாண்டி அண்ணன் சொன்னாரு. அதான் வந்தேன்."

விளக்கு புகைந்தது.

"நானும் எங்க வீட்டுக்காரரும் இங்க வந்து ஒரே ஒரு ராத்திரி தங்கினோம். அந்த யாளித் தூணுக்குக் கீழ படுத்துக்கிட்டு, அது வாயில இருக்கிற உருண்டைய எடுத்துக் காட்டுறேன் பாருன்னு விரலை விட்டு விட்டுப் பாத்தாரு. விடிஞ்சதும் ஆத்துக்குப் போனாரு. அவ்வளவுதான். உடம்பும் கிடைக்கல. எரிச்ச இடம், புதைச்ச இடம்னு எனக்கு எதுவும் இல்ல. ஊருக்குப் போனா அவரு இல்லாத வீடு. இங்கன்னா அவரு படுத்திருந்த கல்லு இருக்கு. அதை நான் பூட்டி வைக்கல, பூப் போட்டுக் கும்பிடவும் இல்ல. தினம் யாராச்சும் ஒருத்தர் வந்து அதுல படுத்துத் தூங்குறாங்க, எந்திரிச்சுப் போறாங்க. தூங்கினவங்க எந்திரிச்சுப் போறதைப் பாக்குறதுக்கே நான் இங்க இருக்கேன்."

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"நீங்க கோபுரம் கட்டணும்னா கட்டிக்குங்க. உங்க ஊரு, உங்க கல்லு. ஆனா அந்தத் தூணு உங்க கோபுரத்துக்குப் போகல. யாளித் தூணு பிரதானி தோட்டத்து வீட்டு வாசலுக்கு, சங்கிலித் தூணு அவரு ஊஞ்சல் கூடத்துக்கு. குறி போட்டாச்சு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"என்னது!" என்றது கருவறை.

வரிசையில் அடுத்து நின்றவன், "சாமி பேசிடுச்சு!" என்று அலறினான். அந்த அலறல் வீதிமுனை வரைக்கும் ஓடியது. நாதசுரக்காரர் தூக்கம் கலைந்து வாசிக்க ஆரம்பித்தார். பத்துப் பேருக்கு அருள் வந்துவிட்டது.

பிரதானி வாசலில் நின்று கைதட்டினார். "கூடிவிட்டது! கோயிலில் சாமி பேசுவதில்லை. இங்கே பேசிவிட்டது. பிச்சாண்டி தோற்றார்! நாட்டைவிட்டுப் போகட்டும்!"

பிச்சாண்டி மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். அவன் தாழ்வாரத்தைத் தாண்டுவதற்குள், நெல்லறையிலிருந்து சந்தன மலை ஒன்று குனிந்து வெளியே வந்தது.

"நில் பிச்சாண்டி. பேசியது நான். கூட்டியது நான்." அரசர் நேரே யாளித் தூணிடம் போனார். வெளிச்சத்தில் பார்த்தார். தூணின் அடியில் சுண்ணாம்புக் குறி பளிச்சென்று இருந்தது. "தீர்த்தகிரி, இந்தக் குறி என்ன குறி?"

"பிரபு... அது... கல் வீணாகக் கூடாதே என்று... பாதுகாப்பாக..."

"உமது தோட்டத்தில் பாதுகாப்பாக."

பிரதானியின் கைதட்டல் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. கைகள் மட்டும் கூப்பியபடி நின்றன.

அரசர் சட்டென்று பிச்சாண்டி பக்கம் திரும்பினார். தேன் வழிந்த புருவத்துக்குக் கீழே கண் இரண்டும் கனன்றன. "உன்னையும் விடமாட்டேன். வானத்தளவு கோபுரம் கேட்டேன். என்னை எலிப்பொந்தில் உட்கார வைத்தாயே?"

"மகாராஜா, கோபுரம் சாமிக்கு வீடு இல்லை. அது வாசல். வருகிறவன் வழி தெரியாமல் தவிக்கக் கூடாது, இதோ இங்கேதான் வா என்று எட்டத்திலிருந்தே கூப்பிடுகிற வாசல். கூப்பிடுகிறது என்பதால்தான் கும்பிடுகிறான். தங்கள் அரண்மனை வாசலில் ஈட்டி பிடித்தவன் நிற்கிறான். யாருமே உள்ளே வரக்கூடாத வீட்டுக்கு அவ்வளவு பெரிய வாசல் கட்டினால், வருகிறவன் ஏமாந்துபோவானே?"

அரசர் அண்ணாந்து மூங்கில் கோபுரத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் கோலத்தைப் பார்த்தார். காதோரத்தில் எறும்பு ஒன்று தேனைத் தேடி ஊர்ந்தது.

"இன்னும் என்ன பாக்கி இருக்கிறது, சொல்," என்றார் மெல்ல.

"உச்சிக்கால அபிஷேகம், சாயங்காலம் சாயரட்சைப் பூசை, அப்புறம் பல்லக்கில் வைத்து நாலு வீதியிலும் குலுக்கிக் குலுக்கிக் கொண்டுபோவது. நாளைக் காலையில் மறுபடி நாதசுரம்."

"தினமுமா?"

"தினமும் மகாராஜா. சாமிக்கு ஓய்வு ஏது?"

அரசருக்கு முதலில் வயிறு குலுங்கியது. பிறகு தோள். பிறகு மாலைகள் எல்லாம் அறுந்து விழும்படி சிரித்தார். காய்ந்த சந்தனம் பொரிந்து பொரிந்து உதிர்ந்தது. ஊரும் சேர்ந்து சிரித்தது. பிரதானியும் சிரிக்கப் பார்த்தார், அரசர் அவரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"தீர்த்தகிரி, உமக்குத் தண்டனை இல்லை. தேங்காய் நார் எடுத்துக்கொள்ளும். எல்லாத் தூணிலும் உள்ள குறியை உம் கையாலேயே தேய்த்துக் கழுவும். கழுவி முடித்த பிறகு உம் பதவியைப் பற்றிப் பேசலாம். சத்திரம் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு கல்லையும் யாரும் தொடக் கூடாது. அந்த மூங்கிலையெல்லாம் பிரித்து, படுக்க இடமில்லாதவர்களுக்குப் பின்புறம் பந்தல் போடுங்கள். பிறந்த பிள்ளையை இன்னும் தூக்கிப் பார்க்காத அந்தச் சிப்பாயைத் தேடிப்பிடித்து வீட்டுக்கு அனுப்புங்கள். அம்மா, நீ எங்கே போகிறாய்?"

உலகநாச்சி அடுப்பைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தாள். "கஞ்சி பொங்குதுங்க. பேசிக்கிட்டே நின்னா அடிப்பிடிச்சிரும்."

"கஞ்சியா?" என்றார் அரசர். அந்தக் குரலில் ராஜ்யமே கரைந்துபோயிருந்தது.

குளித்துவிட்டு வந்து, யாளித் தூணுக்குக் கீழே, யாத்திரிகர்களோடு வரிசையில் உட்கார்ந்து, துவையல் தொட்டுக்கொண்டு அவர் குடித்த கஞ்சியைப் பற்றி அந்த ஊரில் வெகுநாள் பேசினார்கள். "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?" என்று உலகநாச்சி கேட்டபோது, அவர் வாய் நிறைய இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினார். அவருக்கு முன்னால் யார் யார் அந்தக் கல்லில் உட்கார்ந்தார்கள் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அப்போது கோயிலிலிருந்து மேளத்தோடு பரிவட்டம் வந்தது. திருவிழா நாளில் சாமிக்குச் சாத்திய பட்டுத்துணியை அரசர் தலையில் கட்டுவார்கள். அந்த ஊரில் அதற்கு மேல் ஒரு மரியாதை கிடையாது. கம்பீர பூபதி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தம் தலைக்குக் கொண்டுபோனவர், பாதியில் கையைத் திருப்பி, பக்கத்தில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த பிச்சாண்டியின் தலையில் கட்டிவிட்டார்.

பிச்சாண்டி கஞ்சிக் கலயத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, வாசல் பக்கம் ஒரு பார்வை, பின்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான்.

"என்னடா தேடுகிறாய்?"

"ஓடுவதற்கு வழி பார்க்கிறேன் மகாராஜா. மரியாதை ஆரம்பித்துவிட்டது. அடுத்து எண்ணெய்க் குடத்தோடு வந்துவிடுவார்கள்!"

அரசருக்குப் புரையேறிவிட்டது. உலகநாச்சி ஓடிவந்து அவர் உச்சந்தலையில் தட்டினாள். நாடாளும் தலையைத் தட்டிவிட்டோமே என்று அவள் நாக்கைக் கடித்துக்கொள்ள, அரசர் கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டே, "தட்டம்மா, தட்டு, இன்னும் இறங்கவில்லை," என்றார்.